தக்கை உருண்டை

எண் 4, ரயில்வே குடியிருப்பு,
கார்ஸ்பெக், யார்க்‌ஷயர்.
29 ஜனவரி 1951

மூன்று புள்ளி முத்திரைக்காரருக்கு,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. என் கணவரின் விசிலில், வளையம் கோத்த இடத்துக்குக் கீழே, ஊசியால் குத்தியதுபோல் மூன்று புள்ளிகள் இருக்கின்றன. பட்டறையில் ஊதிப் பார்த்து அனுப்புகிறவரின் அடையாளம் அது என்று நிலைய அதிகாரி சொன்னார். அப்படியானால் இந்த விசில் சரியாக இருக்கிறது என்று சொன்னவர் நீங்கள்தான். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

என் கணவர் சேத் மெட்காஃப் தண்டவாளக் கேங்கில் காவல் நிற்பவர். மற்றவர்கள் குனிந்து சரளைக்கல் அள்ளும்போது, இவர் தள்ளி நின்று ரயில் வருகிறதா என்று பார்த்து விசில் ஊத வேண்டும். பதினேழு வருடமாக அதைத்தான் செய்தார். இந்த மாதம் 11ஆம் தேதி காலை ஒன்பதேகால் மணிக்கு, மலையை வெட்டிய பள்ளத்தில், மூடுபனிக்குள் டாம் இலிங்வர்த்தும் பில்லி ராப்பரும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் சரக்கு ரயில் மேடேறிக்கொண்டிருந்தது. மறுபக்கம் பெட்டி எதுவும் இல்லாத தனி எஞ்சின் இறக்கத்தில் சத்தமில்லாமல் வந்தது. இரண்டு பேரும் செத்துப்போனார்கள். சேத் நூற்றைம்பது கஜம் தள்ளி நின்றிருந்தார். மூச்சு முட்ட ஊதியதாகச் சொல்கிறார். சரக்கு ரயிலின் கார்டு எதுவும் கேட்கவில்லை என்கிறார்.

விசாரணையில் ஓர் அதிகாரி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தபடி அந்த விசிலை வாயில் வைத்து மெல்ல ஊதினார். "சத்தம் வருதே" என்றார். அவ்வளவுதான் சோதனை. சேத் ஊதவில்லை, அல்லது நேரத்துக்கு ஊதவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். மார்ச் 6ஆம் தேதி கடைசி விசாரணை. அன்று தீர்ப்பு மாறாவிட்டால் இரண்டு பேரைக் கொன்றவர் என்ற பெயரோடு இவர் சாகும்வரை இருக்க வேண்டும்.

நீங்கள் அந்த விசிலை ஊதிப் பார்த்தீர்களா, இல்லை, பார்த்ததாகப் புள்ளி குத்தினீர்களா? இதற்கு மட்டும் பதில் வேண்டும்.

ஹான்னா மெட்காஃப்


14, லாட்ஜ் சாலை,
பர்மிங்காம்.
3 பிப்ரவரி 1951

திருமதி மெட்காஃப் அவர்களுக்கு,

மூன்று புள்ளி நான்தான். பெயர் டாரிஸ் பாக்னல். உங்கள் கடிதத்தை மேற்பார்வையாளர் ஓக்லி என் கையில் கொடுக்கும்போதே, "பதில் எழுதிடாத டாரிஸ், நம்ம தலையில கட்டிருவாங்க" என்றார். சரி என்றேன். அதனால்தான் இதைப் பட்டறையிலிருந்து எழுதாமல் வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

ஊதிப் பார்த்தேன். சாதாரண விசில்களை, காலால் மிதிக்கும் துருத்தியில் மாட்டி ஊதிப் பார்ப்போம். ரயில்வேக்குப் போகிறவற்றை வாயால் ஊத வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு. மூன்று தடவை ஊதுவேன்: மெல்ல, நடுத்தரமாக, முழு மூச்சில். பிறகுதான் புள்ளி. இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான்.

இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல பதிலாக இருந்திருக்கும். ஆனால் அது முழு உண்மையாக இருந்திருக்காது. ஓக்லிக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். என் காது போய்க்கொண்டிருக்கிறது. எல்லாச் சத்தமும் போகவில்லை. கூர்மையான சத்தங்கள் மட்டும். தேநீர்க் கெண்டி கூவுவது இப்போது கேட்பதில்லை. விசில் சரியாக அடிக்கிறதா என்பதைப் பாதி காதாலும் பாதி பல்லில் ஏறும் துடிப்பாலும்தான் கண்டுபிடிக்கிறேன். இதைச் சொன்னால் சோதனை அறையிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதனால் சொல்லவில்லை.

உங்கள் கணவரின் விசில் எந்த வருடத்தது? வளையத்துக்குப் பக்கத்தில் எண் இருக்கும். முடிந்தால் விசிலையே அனுப்புங்கள். தவறு என்னுடையது என்றால் உங்களிடம் மறைக்க மாட்டேன். அதை எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தருகிறேன்.

டாரிஸ் பாக்னல்


கார்ஸ்பெக்.
9 பிப்ரவரி 1951

மிஸ் பாக்னல் அவர்களுக்கு,

விசிலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சேத்துக்குத் தெரியாது. விசாரணையில் திருப்பிக் கொடுத்ததை மேசை இழுப்பறையில், தொப்பிக்கு அடியில் வைத்திருந்தார். இப்போது அவர் அந்த இழுப்பறையைத் திறப்பதில்லை.

உங்களைக் கோபத்தோடு கேட்டேன். நீங்கள் காதைப் பற்றி எழுதியதைப் படித்தபின் அந்தக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஆனால் ஒரு நிம்மதி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தவறு உங்களுடையதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். மன்னியுங்கள்.

இங்கே நிலைமை சொல்கிறேன். ஒரே வரிசையில் ஆறு வீடுகள். ஐந்தாம் வீடு டாமுடையது. டாமின் மனைவி ஐவியும் நானும் ஒரே கொடியில் துணி உலர்த்துகிறவர்கள். என் மகன் பீட்டருக்கு ஏழு மாதம். ஜனவரியில் அவனுக்குக் கக்குவான் இருமல் வந்தபோது அவனுக்கென்று நீலக் கம்பளியில் தொப்பி பின்னிக் கொடுத்தவள் ஐவி. இப்போது நான் துணிக்கூடையோடு வெளியே போனால் அவள் உலராத துணியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். செவ்வாய்க்கிழமை ஒருநாள் மட்டும் நின்றாள்.

"ஹான்னா, ஒண்ணு கேக்கறேன். உன் வீட்டுக்காரர் நிஜமாவே ஊதினாரா?"

"ஊதினார் ஐவி."

"அப்ப எங்க ஆள் கேட்டுட்டே நகராம நின்னாரா? முந்தின நாள் எங்களுக்குள்ள பெரிய சண்டை. அதான் கேக்கறேன்."

நான் கூடையிலிருந்த துணியை எடுத்துப் பிழிந்தேன். என்ன சொல்வது? சேத் ஊதவில்லை என்றால் சேத் கொலைகாரர். ஊதினார் என்றால் டாம் வேண்டுமென்றே நின்றார்.

சேத் வீட்டுக்குள் பேசுவதே இல்லை. வேலைக்குக் கிளம்புமுன் விசிலை ஊதிப் பார்க்க வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் லைன் ஓரக் குடிசைக்குப் போய் ஊதுவார்கள். இவர் மட்டும் எங்கள் வாசற்படியில் நின்றே ஐந்து மணிக்கு ஊதுவார். வரிசை வீட்டுக்காரர்கள் அதைக் கேட்டுத்தான் அடுப்பு மூட்டுவார்கள். "சேவலைத் தின்னுட்டு நீ கூவறியா" என்று டாம் கேலி செய்வார். குழந்தைக்கு உடம்பு முடியாதிருந்த நாட்களில், இரவெல்லாம் இருமி நான்கு மணிக்குத்தான் தூங்குவான். ஐந்துக்கு விசில். அலறிக்கொண்டு எழுந்து, இருமி இருமி நீலம் பாய்ந்துவிடுவான். குடிசையில் போய் ஊதுங்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "வாசல் தாண்டுறதுக்குள்ள சரியா இருக்கான்னு தெரியணும் புள்ள. அங்க போய்த் தெரிஞ்சு என்ன பண்றது?" என்பார்.

ஒன்று கேட்க வேண்டும். விசிலுக்குள் ஓர் உருண்டை கிடக்குமே, அது எதற்கு? அழகுக்கா?

ஹான்னா மெட்காஃப்


பர்மிங்காம்.
17 பிப்ரவரி 1951

அன்புள்ள திருமதி மெட்காஃப்,

விசில் திங்கட்கிழமை வந்தது. ஐந்து நாள் எடுத்துக்கொண்டேன், எதையும் அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது என்பதால். முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவர் ஊதியிருப்பார். டாமுக்கு அது கேட்டிருக்காது. இரண்டும் உண்மையாக இருக்க முடியும்.

விசில் எப்படிச் சத்தம் போடுகிறது என்று கேட்டால் பட்டறையில் பாதிப் பேருக்குத் தெரியாது. நீங்கள் விசாரணையில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் நிதானமாக எழுதுகிறேன். வாய்ப்பகுதி ஒரு தட்டையான சந்து. நீங்கள் ஊதும் காற்று அதன் வழியே தாள்போல மெலிந்து வருகிறது. மேலே திறப்பு. திறப்பின் அந்தப்பக்கம் ஒரு கூரான விளிம்பு. காற்று அதில் மோதி, ஒருமுறை உள்ளே, ஒருமுறை வெளியே என்று தடுமாறுகிறது. உள்ளே பாயும்போது விசிலின் வட்டமான அறைக்குள் இருக்கும் காற்றை அமுக்குகிறது. அமுங்கிய காற்று திருப்பித் தள்ளுகிறது. ஒரு நொடிக்குள் இது ஆயிரக்கணக்கில் நடக்கிறது. அதுதான் நமக்குக் கேட்கும் சத்தம். அறை சிறிதானால் சத்தம் கூர்மை, பெரிதானால் தடிமன். விளிம்பு மழுங்கினால் வெறும் காற்றுதான் வரும். உங்கள் விசிலில் சந்து, விளிம்பு, அறை மூன்றும் நான் அனுப்பியபடியே இருக்கின்றன. அதனால்தான் அந்த அதிகாரி ஊதியபோது சத்தம் வந்தது.

இல்லாதது உருண்டைதான்.

அது அழகுக்கு இல்லை. தக்கையில் செய்தது. பலமாக ஊதும்போது காற்று அதை அறைக்குள் சுழற்றும். ஒவ்வொரு சுற்றிலும் அது திறப்பை ஒருகணம் அடைத்து, சத்தத்தை வெட்டும். அதனால்தான் விசில் நடுங்கிக்கொண்டே வருகிறது. ஒரே சீராக வரும் சத்தத்தைக் காது கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். எங்கள் தகடு வெட்டும் அச்சு இயந்திரம் ஓடுவது, அது நின்றால்தான் எனக்குத் தெரியும். வெட்டி வெட்டி வருவதை அப்படி விட முடியாது. ரயில்வே அதற்காகத்தான் உருண்டை வைத்த விசில் கேட்கிறது.

நேற்று என்னோடு வேலை செய்யும் மேபிளை அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் முதுகு காட்டி நிறுத்தினேன். கேட்டால் கையைத் தூக்கு என்றேன். உருண்டை உள்ள விசிலுக்கு இருநூறு அடி தள்ளி நின்றபோதும் உடனே தூக்கினாள். உங்களுடையதுக்கு எண்பது அடியில் நான் மூச்சிரைக்கும்வரை ஊதினேன். அசையவில்லை. திரும்பிப் பார்த்து, "இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்டாள்.

தக்கை உருண்டை தானாக விழாது. திறப்பைவிடப் பெரியது, அமுக்கித்தான் உள்ளே போடுகிறோம். வெளியே எடுக்க வேண்டுமானால் துண்டு துண்டாகக் குத்தித்தான் எடுக்க வேண்டும். பூதக்கண்ணாடியில் பார்த்தேன். விளிம்புக்கு எதிர்ப்பக்கம் புதிய கீறல்கள். உள்ளே தக்கைத் தூள். அதோடு ஒட்டிக்கொண்டு அரை அங்குலத்துக்கு நீலக் கம்பளி இழை. யாரோ கம்பளி தைக்கும் ஊசியை விட்டு நோண்டியிருக்கிறார்கள்.

கேங் ஆட்களுக்கு விசில் என்றாலே எரிச்சல் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். விளையாட்டாக எவனாவது செய்திருப்பான். யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தயாராக வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்னால் விசாரணைக்கு அனுப்புகிறேன். உங்கள் கணவர் பெயர் தப்பிக்கும். என் பெயரும்தான். உருண்டை இல்லை என்று தெரிந்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதற்காக வெட்கப்படுகிறேன்.

டாரிஸ்


பர்மிங்காம்.
26 பிப்ரவரி 1951

அன்புள்ள திருமதி மெட்காஃப்,

என் கடிதம் கிடைத்ததா? ஆறாம் தேதிக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது. குழந்தைக்கு மறுபடி முடியவில்லையோ என்று நினைக்கிறேன். ஒரு வரி எழுதினால் போதும்.

டாரிஸ்


கார்ஸ்பெக்.
1 மார்ச் 1951

அன்புள்ள டாரிஸ்,

கிடைத்தது. பத்து நாளாக மாவு டப்பாவுக்குள் வைத்திருந்தேன்.

உருண்டையை எடுத்தது நான்.

ஜனவரி 10ஆம் தேதி மத்தியானம். சேத் அன்று வாராந்தர விடுப்பில் பக்கத்து ஊருக்குப் போயிருந்தார். பீட்டர் நான்கு நாளாகத் தூங்கவில்லை. நானும் தூங்கவில்லை. விசில் ஆணியில் தொங்கியது. தொப்பியில் நாடா தைக்க ஐவி கொடுத்த நீலக் கம்பளியின் மிச்சம் ஊசியில் கோத்திருந்தது. குலுக்கினால் உள்ளே உருண்டை கடகடத்தது. இதுதான் அந்த அலறலைப் போடுகிறது என்று எனக்குத் தோன்றியது. தக்கை மெத்தென்று இருந்தது, கால் மணி நேரத்தில் எல்லாம் வந்துவிட்டது. பிறகு மெல்ல ஊதிப் பார்த்தேன். சத்தம் வந்தது. கீச்சென்று, குருவிபோல். வேலைக்கு இது போதும், குழந்தைக்கும் தொந்தரவு இல்லை என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் ஐந்து மணிக்கு அவர் ஊதியபோது பீட்டர் அசையவில்லை. எட்டு மணிவரை தூங்கினான். அந்தக் காலை எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

உங்களுக்கு முதல் கடிதம் எழுதியபோதே இது எனக்குள் எங்கேயோ தெரிந்திருந்தது. தெரியாததுபோல் எழுதினேன். உருண்டை அழகுக்கா என்று கேட்டபோது நீங்கள் ஆமாம் என்று சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன்.

நேற்று சேத்திடம் உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்தார். அவருக்கு ஆச்சரியமே இல்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

"பதினேழு வருசமா ஊதறேன் ஹான்னா. முதல் ஊதுலயே தெரியாதா?"

"வாசல்லயேவா?"

"வாசல்லயே. மாடி ஜன்னலைப் பார்த்தேன். புள்ள அழலை. சரி, தூங்கட்டும்னு நடந்துட்டேன்."

"வேற விசில் இல்லையா?"

"ஸ்டேஷன்ல ஒண்ணு இருக்கு. போய் எடுத்துட்டு வரணும்னா ரெண்டு மைல் சுத்து. டாம் வேற, ஏன் லேட்டு ஏன் லேட்டுன்னு நின்னான். பொண்டாட்டி உருண்டையை எடுத்துட்டாள்னு அவன்கிட்ட சொன்னா வருசம் பூரா வச்சு ஓட்டுவான். ஒருநாள்தானே, சமாளிச்சுக்கலாம்னு நினைச்சேன்."

"விசாரணையில ஏன் சொல்லல?"

"சொன்னா, யார் எடுத்தாங்கன்னு அடுத்த கேள்வி. நீ ஐவி பக்கத்து வீட்டுல இருக்கிறவ. இதே கொடியில துணி போடணும். கெட்ட பேரு ஒரு ஆளோட நிக்கட்டும்."

பிறகு உங்கள் கடிதத்தை அடுப்புப் பக்கம் கொண்டுபோனார். கையைப் பிடித்துக்கொண்டேன். "வேணாம் புள்ள, விடு" என்றார். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது நேற்றுதான்.

நான் என்ன செய்யட்டும் என்று உங்களைக் கேட்கவில்லை. நீங்கள் எழுதி வைத்திருக்கும் தாளில் நீல இழையையும் விடாமல் சேருங்கள். எனக்கே அனுப்புங்கள். நானே கொண்டுபோகிறேன்.

ஹான்னா


பர்மிங்காம்.
3 மார்ச் 1951

அன்புள்ள ஹான்னா,

நீங்கள் கேட்டபடி தாளை அனுப்பியிருக்கிறேன். விசிலும் இருக்கிறது. உருண்டை போடவில்லை, விசாரணையில் அது இருந்தபடியே இருக்க வேண்டும். புது உருண்டை ஒன்று தனியாகத் தாளில் மடித்து வைத்திருக்கிறேன். வேண்டாமென்றால் எறிந்துவிடுங்கள்.

ஆறுதலாக எதுவும் எழுதத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருடத்தில், இந்த உருண்டை எதற்கு என்று ஒருவருக்கும் நான் சொன்னதில்லை. பெட்டியில் ஒரு துண்டுச் சீட்டு வைத்தால் போதும். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நேற்று ஓக்லியிடம் காதைப் பற்றிச் சொன்னேன். "எத்தனை நாளா?" என்றார். மூன்று வருடம் என்றேன். "மூணு வருசத்து விசிலா?" என்றார். மூன்று புள்ளி குத்திய எத்தனை விசில்கள் எங்கெங்கே தொங்குகின்றன என்று இப்போது இரண்டு பேரும் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறோம். திங்கள் முதல் நான் பெட்டி கட்டும் அறையில்.

டாரிஸ்


கார்ஸ்பெக்.
22 மார்ச் 1951

அன்புள்ள டாரிஸ்,

விசாரணைக்கு முந்தின நாள் ஐவி வீட்டுக்குப் போனேன். வேறு யாராவது சொல்லி அவள் கேட்கக் கூடாது. சமையலறையில் நின்றபடியே சொன்னேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை. நான் முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப அவர் கேக்கவே இல்லையா?"

"கேட்டிருக்க முடியாது ஐவி."

"சண்டைக்காக நிக்கலை?"

"இல்லை."

தலையை ஆட்டினாள். இன்னும் இரண்டு கிழங்கு உரித்தாள். பிறகு, "அந்தத் தொப்பியைக் குடுத்துடு. இனிமே இந்த வாசலுக்கு வராத" என்றாள். தொப்பியைத் துவைத்து, உலர்த்தி, அவள் கதவுப்பிடியில் மாட்டிவிட்டு வந்தேன்.

விசாரணையில் உங்கள் தாளைப் படித்தார்கள். விசிலை இந்தத் தடவை குலுக்கிப் பார்த்தார்கள். சேத் ஊதினார் என்று எழுதிக்கொண்டார்கள். ஆனால் குறை இருப்பது தெரிந்தே அதை எடுத்துப் போனதால் அவர் இனிக் காவல் நிற்கக் கூடாது. அடுத்த மாதம் இருபது மைல் தள்ளிச் சரக்குக் கிடங்குக்கு மாற்றல். கொலைகாரர் என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. சொல்லாமலும் அது வரிசையில் இருக்கிறது. இப்போது இரண்டு பேருக்கும் பொது. அன்று வீட்டுக்கு வரும் வழியில், "நீ சொல்லியிருக்க வேணாம்" என்று ஒரு தடவை சொன்னார். அதன்பின் சொல்லவில்லை.

சேத் இடத்துக்குப் புது ஆள் வந்திருக்கிறார். எண் 6இல் குடியிருக்கிறார். முதல் நாள் அவர் விசிலை எடுத்துக் குடிசைக்கு நடந்தபோது சேத் வெளியே போய் நிறுத்தினார். அந்த மனிதரோடு அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். "இங்கயே ஊதிப் பாருங்க" என்றார். நீங்கள் மடித்து அனுப்பிய உருண்டை சேத்தின் சட்டைப்பையில் இருப்பது எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து தினமும் ஐந்து மணிக்கு ஆறாம் வீட்டு வாசலில் விசில் அடிக்கிறது. நடுங்கி நடுங்கி, சுவரைத் துளைத்துக்கொண்டு வருகிறது. பீட்டர் அலறிக்கொண்டு எழுகிறான். சுவருக்கு அந்தப்பக்கம் ஐவி அடுப்பு மூட்டுவது கேட்கிறது. நான் பீட்டரைத் தூக்கிவைத்துக்கொண்டு இருட்டில் நிற்கிறேன். காதைப் பொத்துவதில்லை.

ஹான்னா